ஸ்லைட் பார்ப்பவர்களைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மலேரியாத் தடுப்பூசிகள் பற்றிய உங்கள் ஞாயிறு கட்டுரையை வாசித்தேன். உலக சுகாதார நிறுவனம் 2021இல் ஆர்டிஎஸ்,எஸ் தடுப்பூசியையும் 2023இல் ஆர்21 தடுப்பூசியையும் பரிந்துரைத்த கதை நன்றாக இருந்தது. ஆனால் ஆய்வுகூடத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. 31 வருடம் அந்த வேலை செய்தவள், மனம் கேட்கவில்லை.

தடுப்பூசி வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? காய்ச்சலோடு வரும் பிள்ளையின் விரலில் குத்தி, ஒரு சொட்டு இரத்தத்தை யாரோ ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அந்தத் தடுப்பூசிகளைச் சோதித்த ஆய்வுகளில் காய்ச்சலும் இருந்து, ஒரு மைக்ரோலீற்றர் இரத்தத்தில் 5000 கிருமிக்கு மேலும் இருந்தால்தான் மலேரியா என்று கணக்கில் எடுத்தார்கள். அந்த எண்ணிக்கை நுணுக்குக்காட்டியில் கண் வைத்திருப்பவரின் கையில். ஸ்லைட் என்ற கண்ணாடித் தகட்டில் தடிப்பாகப் பூசிய இரத்தத்தை ஜீம்சா சாயத்தில் ஊறவைத்து, மேலே எண்ணெய் விட்டு, நூறு மடங்கு வில்லையில் பார்த்தால் ஒரு சிவந்த புள்ளி, அதை ஒட்டி ஒரு நீலக் கீற்று. சாயம் கலக்கும் தண்ணீரில் கொஞ்சம் அமிலம் கூடினாலே அந்தப் புள்ளி மங்கிவிடும். சாயத் தூசியும் கிருமி மாதிரியே கண்ணை ஏமாற்றும். அப்புறம் 200 வெள்ளை அணு எண்ணி முடிக்கும்வரை கிருமிகளையும் சேர்த்து எண்ண வேண்டும். இப்படியான தடுப்பூசி ஆய்வுகளில் ஒரே ஸ்லைட்டை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்ப்பார்கள். கணக்கு ஒத்துவராவிட்டால் மூன்றாமவரிடம் போகும்.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், ஓர் ஆய்வுக்காகக் கிராமம் கிராமமாக ஏறி இறங்கி ஆறு மாதம் சேர்த்த சீரம், அதாவது இரத்தத்திலிருந்து பிரித்த தெளிந்த நீர், உறைபெட்டியில் இருந்தது. ஒரு ராத்திரி கரண்ட் போனது. ஜெனரேட்டர் போட ஆளில்லை. காலையில் பெட்டிக் கதவைத் திறந்தால் எல்லாம் உருகி, தட்டில் தண்ணீர் நிற்கிறது. இரத்தம் கொடுத்த அம்மாமாரின் முகம்தான் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது.

இலங்கையில் மலேரியா தொடர்ந்து பரவிய காலத்தில் உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில். 2016இல் மலேரியா இல்லாத நாடு என்ற சான்றிதழும் கிடைத்தது. சரி, பெருமைதான். ஆனாலும் வெளிநாடு போய் வருபவர்கள் இன்றும் அந்த நோயோடு வருகிறார்கள், அதைப் பரப்பும் நுளம்பும் இங்கேதான் இருக்கிறது. கிருமியைப் பார்த்தவுடன் அடையாளம் காணும் கண்கள் குறைந்துகொண்டே போகின்றன.

பதுளை, ஹட்டன் பக்கத்தில் உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். டாக்டர் என்பார்கள், கிடைக்காவிட்டால் டீச்சர். இந்த வேலை ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. என் அம்மா கொழுந்து பறித்தவர். பத்தாம் வகுப்பில் ஒரு டீச்சர் வெங்காயத் தோலை நுணுக்குக்காட்டியில் காட்டியிராவிட்டால் எனக்கும் தெரிந்திருக்காது.

உங்கள் கல்விப் பக்கத்தில் ஒரு வாரமாவது இதற்கு இடம் ஒதுக்குங்கள். என்ன படிக்க வேண்டும், எப்படி விண்ணப்பிக்க வேண்டும் என்பதை நானே எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்,
பண்டாரவளை