ஐந்து டிராக்டர்களும் சேர்ந்தே எழட்டும்: ஒரு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

ஐந்து பழைய டிராக்டர்களை நாம் சேர்த்துச் சீரமைத்துவரும் ஷெட்டின் உரிமையாளர் இந்த மாதம் 30-ஆம் தேதிக்குள் இடத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். இத்தனை நாள் பொறுத்ததே பெரிது, அவரைக் குறை சொல்ல மாட்டோம். ஆனால் உள்ளே இருக்கும் ஐந்து டிராக்டர்களில் மூன்று மரக்கட்டைகளின் மேல் நிற்கின்றன. டயர் மாட்டாமல் அவற்றை வாசல்வரைகூட உருட்ட முடியாது. அதனால்தான் அவசரமாக இந்த வேண்டுகோள்.

புதியவர்களுக்காக இவற்றின் பெருமையைச் சொல்லிவிடுகிறோம். பெரியவர்களுக்கு எத்தனை முறை கேட்டாலும் அலுக்காது. ஐந்தில் மூத்தது ஃபோர்ட்சன் மாடல் எஃப். 1917-இல் இது வந்தபோது முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. உழ ஆளும் குதிரையும் இல்லாமல் தவித்த பிரிட்டன் 6,000 வண்டிகளுக்கு ஆர்டர் கொடுத்தது. இந்த வண்டிக்குத் தனியாக இரும்புச் சட்டகம் (சேஸி) கிடையாது. இன்ஜின், கியர்பாக்ஸ், பின் ஆக்சில் மூன்றையும் போல்ட் போட்டு இணைத்தால் அதுவே உடம்பு. அடுத்தது ஜான் டியர் மாடல் டி. இரண்டே சிலிண்டர், 1923 முதல் 1953 வரை தொடர்ந்து தயாரிப்பில் இருந்த மாடல். மூன்றாவது, ஜெர்மனியின் மான்ஹைமில் 1921-இல் தொடங்கிய லான்ஸ் புல்டாக் வரிசையைச் சேர்ந்தது. ஒற்றை சிலிண்டர். ஊதுவிளக்கால் இன்ஜினின் தலைப்பகுதியைச் சூடாக்கி, ஸ்டீயரிங்கைத் தண்டோடு கழற்றி ஃப்ளைவீலில் (இன்ஜினோடு சுழலும் கனமான சக்கரம்) செருகி ஆட்டித்தான் கிளப்ப வேண்டும். இதைப் பார்த்திராத பிள்ளைகள் நம்புவதில்லை.

மீதி இரண்டும் ஃபெர்குசன் டிஇ20. 1946 முதல் 1956 வரை 5 லட்சத்துக்கும் மேல் தயாரான வண்டி இது. கலப்பையை மூன்று இடத்தில் பிடித்து ஹைட்ராலிக்கால் தூக்கும் ஹாரி ஃபெர்குசனின் ஏற்பாடு இன்றைய டிராக்டர்களிலும் இருக்கிறது. எட்மண்ட் ஹில்லாரி குழுவினர் 1958 ஜனவரி 4 அன்று தென்துருவத்தை அடைந்தது இந்த வகை டிராக்டர்களில்தான். நம்முடையவை துருவத்தைப் பார்த்தவை அல்ல, மழையில் நனைந்து துருவைத்தான் பார்த்தவை. இருந்தாலும் ஒரே குடும்பம்.

இனி கணக்கு. மொத்தச் செலவை 100 பங்காக வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் வேலை 34, டயர் 31, மணல் அடித்துத் துரு நீக்கிப் பெயிண்ட் பூசுவது 12, ரேடியேட்டரும் டேங்கும் 9, மேக்னட்டோ (இன்ஜினுக்குப் பொறி தரும் காந்தக் கருவி) வேலை 8, வாடகை 6. கையில் வந்தது 61 பங்கு, அதுவும் செலவாகிவிட்டது. டயருக்கும் மேக்னட்டோவுக்குமான 39 பங்கு துண்டு விழுகிறது. வேண்டியது 12 டயர், அவற்றுக்கு ட்யூப். ஃபெர்குசனுக்கு டயர் அளவு முன்னால் 4.00-19, பின்னால் 10-28. ஃபோர்ட்சனும் ஜான் டியரும் இரும்புச் சக்கரம், அந்தச் செலவு மிச்சம். ஆனால் இந்த இரண்டுக்கும்தான் மேக்னட்டோவின் காந்தம் வலுவிழந்திருக்கிறது. மீண்டும் காந்தமேற்றிக் காயிலைச் சரிசெய்யாவிட்டால் பொறி வராது.

"ஒவ்வொன்றாகச் செய்திருக்கலாமே?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஒவ்வொன்றாகச் செய்த இடங்களில் என்ன ஆகிறது? முதல் வண்டிக்கு ஒரு வால்வு வேண்டும், பக்கத்து வண்டியில் கழற்றுவார்கள். அப்புறம் ஒரு கியர், ஒரு ரிம். ஒன்று பளபளவென்று வெளியே வரும்போது மற்றது எலும்புக்கூடாகிக் காயலான் கடைக்குப் போகும். நம் இரண்டு ஃபெர்குசன்களில் ஒன்றுக்கு அந்தக் கதிதான் வந்திருக்கும். சேர்த்துச் செய்ததால் லைனர், பிஸ்டன் ரிங், கேஸ்கெட் எல்லாம் ஒரே தடவையில் வாங்கினோம், லேத் வேலையும் ஒரே மூச்சில் முடிந்தது. ஷெட் முழுக்கப் பிரித்துப் போட்ட சாமான்தான், ஒத்துக்கொள்கிறோம். ஆனாலும் ஒவ்வொரு போல்ட்டும் எந்த வண்டியுடையது என்று எழுதிக் கட்டப்பட்டிருக்கிறது.

இதுவரை கொடுத்தவர்களை எப்படி வாழ்த்துவது என்றே தெரியவில்லை. கணவர் ஓட்டிய ஜான் டியரை, பழைய இரும்புக்காரர் விலை பேசி நின்றபோதும், விற்காமல் நம்மிடம் ஒப்படைத்த அம்மாவுக்கு முதல் நன்றி. துருவேறி இறுகிப் பிடித்துப்போயிருந்த பிஸ்டன்களை, எண்ணெய் ஊற்றி ஊறவைத்து, தட்டித் தட்டி, ஒன்றுகூட உடையாமல் எடுத்துத் தந்த ஓய்வுபெற்ற மெக்கானிக் ஐயா கூலி வாங்கவில்லை. தேநீர் கொடுத்ததற்கே அவரிடம் திட்டு வாங்கினோம். லேத் பட்டறை அண்ணன் பாதிக் கூலியோடு நிறுத்திக்கொண்டார். உண்டியலை உடைத்துச் சில்லறையைக் கொட்டிவிட்டுப் போன பிள்ளைகளை ஆண்டவன் நன்றாக வைத்திருப்பான். பெயர் சொல்ல வேண்டாம் என்று மாதாமாதம் வாடகையில் பாதியைக் கட்டும் அன்பருக்கு, சொல்லாமலே எங்கள் வணக்கம்.

இன்னொன்றும் சொல்லித்தான் ஆக வேண்டும். நன்கொடை தருவதாக வாக்குக் கொடுத்தவர்களின் பட்டியல் எங்களிடம் இருக்கிறது. பெயர்களைப் படிக்கப் போவதில்லை. லான்ஸ் புல்டாக் மேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டவர்கள் மட்டும் தலைக்கு ஒரு ட்யூப் கொடுத்திருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது. பிள்ளைகள் உண்டியலை உடைத்த பிறகும் பெரியவர்கள் யோசித்துக்கொண்டிருப்பது அழகா?

டயர்க்காரர் சொன்ன விலை 25-ஆம் தேதிவரைதான் செல்லும். அதற்குள் பணமாகவோ டயராகவோ தரலாம். பொருளாளரிடம் நேரில் கொடுத்து உடனே ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். கணக்கு நோட்டு ஷெட் வாசலில் திறந்தே கிடக்கும், யாரும் புரட்டிப் பார்க்கலாம். பணம் முடியாதவர்கள் ஞாயிறு காலை பழைய துணி உடுத்தி வாருங்கள். 10-28 டயரை ரிம்மில் ஏற்ற குறைந்தது மூன்று பேராவது வேண்டும்.

இங்ஙனம்,
டிராக்டர் மீட்புக் குழுவினர்