ஓலை வாசிப்பது யாருக்காக?

அன்புள்ள சவரிமுத்து,

உன் கடிதம் கிடைத்தது. உங்கள் கோயிலின் பங்குப் பேரவைக்கு நீ உறுப்பினராக வந்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். திருமணப் படிவங்களையும் உன்னிடமே ஒப்படைத்துவிட்டார்களாமே. அப்படியானால் முதலில் உறவுமுறை எண்ணக் கற்றுக்கொள். நம் பக்கம் மாமன் மகள், அக்கா மகள் என்று உரிமையோடு கட்டுகிற கல்யாணங்களில்தான் சிக்கல் வரும்.

1983-ஆம் ஆண்டுக் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 1091-ஆம் விதிப்படி, பக்கவழி இரத்த உறவில், அதாவது ஒரே மூதாதையரின் வெவ்வேறு கிளைகளில் வந்தவர்களுக்குள், நான்காம் படிவரை திருமணம் செல்லாது. இரு பக்கத்து ஆட்களையும் எண்ணி, பொது மூதாதையரை விட்டுவிட வேண்டும். மாமன் மகள் என்றால் பையன், அவன் அம்மா, மாமன், பெண் என நான்கு. அக்கா மகள் என்றால் பெண், அவள் அம்மா, தாய்மாமன் என மூன்று. இரண்டுக்கும் மறைமாவட்ட ஆயர் விலக்கு, அதாவது அந்தத் தடையை நீக்கும் அனுமதி, தரலாம். அப்பாவின் மாமன் மகள் ஐந்தாம் படி, தடையில்லை. மனைவி இறந்தபின் கொழுந்தியாளைக் கட்ட 1917-ஆம் ஆண்டுச் சட்டத்தில் விலக்கு வேண்டியிருந்தது, இப்போது வேண்டாம்.

விலக்கு மனுவில் உறவு வரைபடமும் காரணமும் இருக்க வேண்டும். "வீட்டில் பேசி முடித்துவிட்டோம்" என்று மட்டும் எழுதி அனுப்பாதே. நியாயமான காரணம் இல்லாமல் ஆயர் தரும் விலக்கு செல்லாது என்கிறது 90-ஆம் விதி.

உறவை மறைத்தால் கண்டுபிடிப்பது கடினம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். திருமுழுக்குச் சான்றில் பெற்றோர் பெயர் இருக்கும், தாத்தா பாட்டி பெயர் இருக்காது. இரண்டு பேரும் வேறு வேறு பங்கு என்றால் காகிதத்தை வைத்து ஒன்றும் தெரியாது. அதனால் இரு பக்கத்துத் தாத்தா பாட்டி பெயரையும் அம்மாக்களின் பிறந்த ஊரையும் கேட்டு எழுது. "தூரத்துச் சொந்தம்" என்று யாராவது சொன்னால் விடாதே, யார் வழியில் என்று கேள்.

இதற்காகத்தான் ஓலை வாசிக்கிறோம், அதாவது இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று கோயிலில் முன்கூட்டியே அறிவிக்கிறோம். சாமியார் மாற்றலாகிப் போவார், ஊர்ச்சனத்துக்குத்தான் உறவு தெரியும். தடை தெரிந்தவர்கள் திருமணத்துக்கு முன்பே பங்குத்தந்தையிடம் சொல்ல வேண்டும் என்று 1069-ஆம் விதி விசுவாசிகள் எல்லாரையும் கட்டுப்படுத்துகிறது. பொதுநிலையினருக்கு, அதாவது சாமியாரோ துறவியோ அல்லாத நமக்கு, சட்டம் தந்திருக்கும் பெரிய பொறுப்பு இது. அதைக் கோள் சொல்வதாக நினைத்து வாயை மூடிக்கொள்கிறார்கள் என்பதுதான் என் வருத்தம். ஓலை வாசிக்காமல் விட்டால் மட்டும் திருமணம் செல்லாமல் போகாது. மறைந்திருந்த தடையால் போகும், தம்பதிக்கே அது தெரியாமல் இருந்தாலும்.

பிறகு தெரிய வந்தால் பதற வேண்டாம். விலக்கு வாங்கி, இருவரும் சம்மதத்தைப் புதுப்பித்தால் போதும். சம்மதம் நிலைத்திருந்து, புதுப்பிக்க வழியில்லாத நிலை என்றால், 1161-ஆம் விதிப்படி அந்தத் திருமணத்தை வேரிலிருந்தே, அதாவது மறுபடி சம்மதம் கேட்காமல் தொடக்கத்திலிருந்தே, செல்லுபடியாக்க ஆயரால் முடியும். பிள்ளைகள் முன்னால் பெற்றோரைக் கூனிக் குறுக வைக்காத வழி அது. இரண்டில் எது என்பதைப் பங்குத்தந்தை ஆயரகத்தில் கேட்டு முடிவு செய்யட்டும்.

உங்கள் பங்கின் படிவத்தை ஒரு நகல் எடுத்து அனுப்பு. தாத்தா பாட்டி பெயருக்கு இடம் இருக்கிறதா என்று பார்க்கிறேன்.

அன்புடன்,
அந்தோணி