பெட்டி தயார், மலைதான் பாக்கி

கன்னங்குறிச்சி,
சேலம்.

அன்புள்ள சாமிநாதா,

நலம். நீயும் நலமென்றே வைத்துக்கொள்கிறேன். பொங்கலுக்கு வந்த கரும்புப் படத்தைத் தவிர உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. தூத்துக்குடி உப்புக் காற்றில் உன் பேனாவும் துருப்பிடித்துவிட்டதோ என்னவோ. எனக்கு முழங்கால் வலி, அவளுக்குச் சர்க்கரை, பேரனுக்கு முன்பல் விழுந்துவிட்டது. வீட்டுச் செய்தி இவ்வளவுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் ஹாம் ரேடியோவுக்கு ரிப்பீட்டர் கட்டிவிட்டேன், மலை மேலிருந்து சின்ன செட்டின் குரலைக் கேட்டு அதையே தூரத்துக்குத் திருப்பிச் சொல்லும் பெட்டி. வாத்தியார் வீட்டுத் திண்ணையில் காகிதம் காகிதமாக நாம் வரைந்து தீர்த்தோமே, அதேதான். இத்தனை வருஷம் கழித்து இவனுக்கு என்ன வந்தது என்று நீ கேட்பாய்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டு மலைப்பாதை சரிந்தது உனக்குத் தெரியும். அன்றிரவு நாகலூரில் அக்கா தனியாக இருந்தாள். மின்சாரம் இல்லை, போனும் எடுக்கவில்லை. விடிந்ததும் மொட்டைமாடியில் ஏறிப் பார்த்தால் எதிரே சேர்வராயன் மலை, முழுக்க மேகம். என் கையில் ஹேண்ட்செட் இருக்கிறது, உரிமம் இருக்கிறது, இத்தனை வருஷப் பழக்கம் இருக்கிறது. மேலே பதில் சொல்ல ஒரு ஆள் இல்லை. அக்காவுக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் குப்பனூர் வழியாக வந்த ஒருவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். ஆனால் அந்த ஒரு பகல் என்னை உட்காரவிடவில்லை சாமிநாதா. 2004 சுனாமியின்போது அந்தமானில் பாரதி பிரசாத் ஹாம் ரேடியோவை வைத்துக்கொண்டு வெளியுலகுக்குச் செய்தி அனுப்பியதை வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் பெருமையாகச் சொல்லித் திரிந்தவர்கள் நாம். கண்ணுக்கெதிரே இருக்கும் மலையோடு பேச எனக்கு வழியில்லை.

ஒரு செட் கேட்கும், இன்னொன்று அதைத் திருப்பிச் சொல்லும், நடுவில் நாலு ஒயர், இதிலென்ன பிரமாதம் என்று பாய் கடையில் எல்லாரும் சொன்னார்கள். ஒயர் பிரச்சினையே இல்லை. கேட்கும் செட்டில் சமிக்ஞை வந்தால் பச்சை விளக்கு எரியுமல்லவா? அந்த எல்.ஈ.டி.யின் காலிலிருந்து முடி போன்ற ஒரு கம்பியை இழுத்து, ஒரு பி.சி.547 டிரான்சிஸ்டர் வழியாக அடுத்த செட்டில் பேசுவதற்கு அழுத்தும் பி.டி.டி. பொத்தானை அழுத்த வைத்தேன். குரல் வந்தால் தானே இயங்கும் வாக்ஸ் வசதியை நம்பினால் 'வணக்கம்' என்பது 'ணக்கம்' என்றுதான் போய்ச் சேரும். குரலோடு செட் சேர்த்தனுப்பும் 88.5 ஹெர்ட்ஸ் டோன் இல்லாமல் கதவு திறக்காது. இல்லாவிட்டால் ஊரில் ஓடும் மலிவு எல்.ஈ.டி. பல்புகளின் இரைச்சலையெல்லாம் நம் பெட்டி நாமக்கல் வரைக்கும் ஒலிபரப்பிக்கொண்டிருக்கும்.

பிரச்சினை வேறு. பேசுகிற செட் 5 வாட் தள்ளுகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பது 0.2 மைக்ரோவோல்ட்டைக் கேட்க வேண்டிய செட். இரண்டுக்கும் உள்ள விகிதத்தைப் போட்டுப் பார், ஆறு எழுதிப் பதினைந்து சுழி போட வேண்டும். காதோரம் நாகஸ்வரத்தை ஊதிக்கொண்டே எதிர்வீட்டில் ஊசி விழுகிறதா கேள் என்பது மாதிரி. நம் 144-146 மெகாஹெர்ட்ஸில் ரிப்பீட்டர் கேட்கும் அலைவரிசைக்கும் பேசும் அலைவரிசைக்கும் இடைவெளி வெறும் 600 கிலோஹெர்ட்ஸ். ஆன்டெனாக்களை மேலும் கீழுமாக 20 மீட்டர் பிரித்து வைத்தாலும் கணக்குப்படி 65, 70 டெசிபல் தடுப்புத்தான் தேறும். இந்த மலிவு செட்டுகளுக்கு அது போதாது. அவ்வளவு உயரக் கம்பத்துக்கு நான் எங்கே போவது?

கம்பி மாமா கேவிட்டி என்றார், வேண்டாத அலைவரிசையைத் தடுக்கும் குழாய் வடிகட்டி. செவ்வாய்ப்பேட்டையில் செம்புக் குழாய் வாங்கி, கால் அலைநீளத்துக்கு அரை மீட்டர் வைத்து, அவரே இரண்டு செய்தும் கொடுத்தார். வேலைப்பாடு கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். காலையில் சுருதி சேர்த்தால் வெயில் ஏறியதும் விலகிவிடும். கன்னங்குறிச்சி வெயிலுக்கே இந்தக் கூத்து என்றால், விடிகாலைப் பனியும் உச்சி வெயிலுமாக இருக்கும் ஏற்காட்டில் என்ன ஆகும்? இரண்டு அலைவரிசையையும் பிரித்துவிட என்று கடையில் கிடைக்கும் சீன டூப்ளெக்சரும் உதவாது. பெரும்பாலும் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளிக்குச் செய்தது அது. நமக்கு யு.எச்.எஃப். என்ற மேல் பேண்டில் கொடுத்திருப்பதே 434 முதல் 438 மெகாஹெர்ட்ஸ் வரை, மொத்தம் நாலு.

அதனால் மாமாவின் கோபத்தைச் சம்பாதித்துக்கொண்டு கிராஸ்பேண்டுக்குப் போய்விட்டேன். மலையில் பெட்டி 145 பக்கம் கேட்கும், 435 பக்கம் பேசும். தலைகீழாக வைக்கக் கூடாது. 145-ஐ மூன்றால் பெருக்கு, 435! பேசுகிற செட்டில் மூன்று மடங்கு அலைவரிசையில் தானாக எழும் மூன்றாம் ஹார்மோனிக் கேட்கிற காதிலேயே போய் விழும். அப்படியும் 435-இன் அடி தாங்காமல் கேட்கும் செட் அவ்வப்போது மந்தமாகிவிட்டது. அதற்கு வைத்தியம் என்ன தெரியுமா? ஆர்.ஜி.58 கேபிளில் ஒரு துண்டு, பதினோரு சென்டிமீட்டர் சொச்சம், முனையைத் திறந்தபடி விட்டு டி-கனெக்டரில் தொங்கவிட்டேன். 435-க்கு அது கால் அலைநீளம், வந்ததையெல்லாம் அங்கேயே விழுங்கிவிடும். நகவெட்டியால் மயிரிழை மயிரிழையாக நறுக்கிக்கொண்டே வந்தேன். ஒரு இடத்தில் இரைச்சல் சட்டென்று அடங்கியது பார், அடுப்படியில் இருந்தவள் ஓடிவந்து என்ன ஆயிற்று என்கிறாள். நான் கத்தியிருக்கிறேன்.

பேசும் செட்டை 1 வாட்டில் வைத்து, பழைய கம்ப்யூட்டர் விசிறி ஒன்றையும் மாட்டிவிட்டேன். கைச்செட்டைத் தொடர்ந்து பேசவிட்டால் தொடமுடியாமல் சுட்டுவிடுகிறது. எல்லாம் சேர்த்து ஒரு சுமாரான கைபேசியின் விலைகூட ஆகவில்லை.

இப்போதைக்குப் பெட்டி வீட்டில், ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டும் டம்மி லோடில்தான் பேசுகிறது. ரிப்பீட்டருக்கு டெல்லியிலிருந்து தனி அனுமதி வர வேண்டும், அது வராமல் கம்பத்தில் ஏற்ற மாட்டேன். இடத்தை மட்டும் பார்த்துவிட்டேன். அக்கா வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல் நின்று, கையில் வெறும் ஹேண்ட்செட்டோடு, ரிப்பீட்டர் இல்லாமல் நேர்வழியில் கூப்பிட்டேன். சூரமங்கலத்தில் பாய் தெளிவாக வந்தார், நாமக்கல்லில் தம்பி வந்தான். இளம்பிள்ளையில் ஒன்றும் இல்லை, நடுவில் கஞ்சமலை குறுக்கே நிற்கிறது. போகட்டும், எல்லாருக்கும் எல்லாம் கிடைத்துவிடுமா?

மாமாவின் வாதத்தையும் தள்ள முடியவில்லை. டூ மீட்டர் என்கிற 144-146 பேண்டு மட்டும் உள்ள பழைய செட்காரர்களை நீ வெளியே நிறுத்திவிட்டாய் என்கிறார். உன் பெட்டியும் அதில் சேர்த்திதான். இன்றைக்குப் புதிதாக வருகிறவன் வாங்குவது இரண்டு பேண்டும் உள்ள மலிவு செட் என்பது என் பதில். புதிதாக வருகிறவர்கள்தான் முக்கியம் சாமிநாதா. மேலே பேச ஆள் இல்லாமல் பெட்டி மட்டும் இருந்து என்ன பயன்? அக்கா மகனை ரெஸ்ட்ரிக்டெட் கிரேடு உரிமத்துக்குப் படிக்க வைத்துக்கொண்டிருக்கிறேன். மோர்ஸ் கிடையாது என்றதும்தான் சம்மதித்தான். ஓம் விதியை இன்னும் தலைகீழாகச் சொல்கிறான். அக்காவோ, என்னைப் படிக்கச் சொன்னால் அவனுக்கு முன்னால் தேறிவிடுவேன் என்கிறாள். சொல்லிப் பார்க்கலாமா என்று யோசிக்கிறேன்.

இப்போது உன் வேலை. தொட்டியைச் சுற்றி ஒரு முழம் தோண்டினால் சார்னோகைட் பாறை. உப்பும் கரியும் போட்டு எர்த் குழி எடுக்க வழியில்லை. சித்திரை, வைகாசி இடியெல்லாம் அந்த மேட்டில்தான் இறங்கும், கம்பிக்குக் கீழே அக்கா படுத்திருப்பாள். செம்புப் பட்டையைப் பாறை மேலேயே நாலு பக்கமும் பரப்ப வேண்டும் என்று புரிகிறது. எவ்வளவு நீளம், எங்கே இணைப்பது, வீட்டு எர்த்தோடு சேர்க்க வேண்டுமா என்பதையெல்லாம் மின்வாரியத்தில் ஆயுசு முழுக்கக் குழி தோண்டிய நீ சொன்னால்தான் நம்புவேன். கடிதத்தில் சொல்லித் தப்பிக்க நினைக்காதே, நேரில் வா. மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு முன்னால் வந்தால் கூட்டம் இருக்காது. ஜங்ஷனில் இறங்கியதும் போன் செய், தட்டுவடை செட் நான் வாங்கித் தருகிறேன். உன் உரிமம் காலாவதியாகிவிட்டதா என்றும் பார்த்துக்கொள். வரும்போது எர்த் அளக்கும் மெகரைக் கொண்டுவா. சென்ற முறை போல சார்ஜரை விட்டுவிட்டு வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

உன்,
ரங்கன்