அம்மா கூண்டேறிவிட்டாள், குமார் சம்மனை எடுக்கட்டும்

செல்வி,

இங்கே எல்லோரும் சுகம். உன் முட்டிவலி தேவலையா? போனில் சொன்னால் பாதியில் நீ உன் கதையை ஆரம்பித்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

அந்தப் பாதை வழக்கில் அம்மா சாட்சி சொல்லி முடித்துவிட்டாள்! எதிர்த்தரப்பு வக்கீல் சுற்றிச் சுற்றிக் கேட்டார். தெரிந்ததற்குத் தெரியும், தெரியாததற்குத் தெரியாது, அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. உட்கார்ந்து சொல்லுங்கள் என்று ஜட்ஜே சொன்னார். கேட்டால்தானே. நின்றேதான் சொன்னாள். ராஜம் டீச்சர் முன்னால் நீ நிற்பாயே, அதற்கு நேர் எதிர்.

சினிமாவில் வருகிற மாதிரி நம் வக்கீல் கேள்வி கேட்டு நம்மைக் கதை சொல்ல வைப்பதெல்லாம் இப்போது பெரும்பாலும் இல்லை. நாம் சொல்ல வேண்டியதைப் பிரமாணப் பத்திரமாக எழுதியே தாக்கல் செய்துவிடுகிறார்கள். கூண்டில் நடப்பது முக்கால்வாசி குறுக்கு விசாரணைதான். அந்தப் பத்திரத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டவர்கள் அங்கே திணறுவதைக் கண்ணால் பார்த்தேன். அதனால் அம்மாவுக்கு வரிவரியாகப் படித்துக் காட்டச் சொன்னேன். குமாஸ்தாவுக்கு என்மேல் இன்னும் கோபம். இருக்கட்டும்.

வாய்தாதான் ஆளைக் கொல்கிறது. விசாரணையில் ஒரு தரப்புக்கு மூன்று முறைக்கு மேல் வாய்தா கூடாது என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. நடப்பதை நீ வந்து பார்க்க வேண்டும். கூலி வேலையை விட்டுவிட்டு வந்த வயசாளிகள் சாயங்காலம் ஒரு தேதியை மட்டும் வாங்கிக்கொண்டு போகிறார்கள். வயிறு எரிகிறது. ஒவ்வொரு வழக்குக்கும் 16 இலக்கத்தில் சி.என்.ஆர். எண் உண்டு. அதை ஈகோர்ட்ஸ் செயலியில் போட்டால் அடுத்த தேதி என்ன, எதற்காகத் தள்ளிப்போனது என்று நாமே பார்த்துக்கொள்ளலாம். வக்கீலிடம் முதலில் அந்த எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும்.

இவ்வளவும் உனக்கு எழுதக் காரணம் உன் தம்பி. சித்தப்பா மகன் போட்ட பாகப்பிரிவினை வழக்கில் வந்த சம்மனை வாங்கி பீரோவில் வைத்துவிட்டானாமே? மீனா சொன்னாள். கணக்கு நோட்டை ஒளித்துவைக்கிற புத்தி குமாருக்கு இன்னும் போகவில்லை. 'போகாவிட்டால் என்ன செய்துவிடுவார்கள்' என்று வேறு கேட்டானாம்.

செய்துவிடுவார்கள் செல்வி. சம்மன் கைக்கு வந்ததிலிருந்து 30 நாளுக்குள் பதிலுரை தாக்கல் செய்ய வேண்டும். காரணம் சொல்லிக் கேட்டால் சம்மன் வந்த நாளிலிருந்து மொத்தம் 90 நாள் வரை நீட்டித் தரலாம். குறித்த தேதியில் அவனும் இல்லை, வக்கீலும் இல்லை என்றால் எக்ஸ்பார்ட்டிதான். அப்புறம் வாதி சொல்வதை மட்டும் வைத்துத் தீர்ப்பு வந்துவிடும். அதை ரத்து செய்யக் கேட்டு மனுப் போடலாம், ஆனால் அதற்கும் 30 நாள்தான் கெடு. தாண்டினால் ஏன் தாமதம் என்று விளக்கி இன்னொரு மனு. சம்மனே வரவில்லை என்று சொல்லவும் வழியில்லை, கையெழுத்துப் போட்டல்லவா வாங்கியிருக்கிறான்.

பாகப்பிரிவினை என்றால் பங்குள்ள எல்லோரையும் சேர்த்தாக வேண்டும். அதனால் நீயும் பிரதிவாதியாகத்தான் இருப்பாய். வக்கீல் செலவை நினைத்து மலைக்காதே. 1987-ஆம் வருடத்துச் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுக்க வேண்டும். கோர்ட்டில் சட்டப்பணிகள் குழு எங்கே என்று கேட்டுப் போ. சமரச மையத்துக்கு அனுப்பச் சொல்லியும் கேட்கலாம். அங்கே முடிந்தால் வாதி கட்டிய கோர்ட் கட்டணம் அவருக்கே திரும்பக் கிடைக்கும். இதைச் சொன்னால் சித்தப்பா மகன் கொஞ்சம் இறங்கி வருவான் என்று நினைக்கிறேன். மக்கள் நீதிமன்றத்தில் முடித்துக்கொள்வதானால் மட்டும் ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடு, அதன்மேல் அப்பீல் கிடையாது.

இன்றைக்கே குமாரைக் கூப்பிட்டு, சம்மனையும் கூட வந்த பிராது நகலையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல். சம்மன் வாங்கிய தேதியை அவன் சரியாகச் சொல்லியாக வேண்டும். பார்த்துவிட்டு எந்த நேரமானாலும் எனக்கு போன் பண்ணு.

உன்
மலர்