‘ஐந்து ஆண்டு அனுபவம்’ கேட்கும் பட்டறை உரிமையாளர்களுக்கு

திருச்சி, துவாக்குடி வட்டாரத்தில் கொதிகலன் உறுப்புகளும் அழுத்தக் குழாய்களும் செய்யும் பட்டறைகளின் உரிமையாளர்களுக்கு வணக்கம்.

வெல்டர் தேவை என்று நீங்கள் கொடுக்கும் விளம்பரங்களில் ‘குறைந்தது ஐந்து ஆண்டு அனுபவம்’ என்ற வரி தவறாமல் இருக்கிறது. வெல்டிங் தர ஆய்வில் நெடுங்காலம் இருப்பவன் என்ற முறையில், அந்த ஒரு வரியால் நல்ல கைகள் வாசலோடு திரும்பிப் போவதைப் பார்த்து மனம் பொறுக்காமல்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு பட்டறையில் இருவருக்குத் தேர்வு வைத்தோம். ஒருவர் பதினெட்டு ஆண்டு வேலை பார்த்தவர். மற்றவர் ஐ.டி.ஐ.யில் ஓராண்டு வெல்டர் படிப்பு முடித்து, மூன்றே ஆண்டு குழாய் வேலையில் இருந்த இளைஞர். தெரிந்தவர் சொன்னதால் மட்டுமே உள்ளே விடப்பட்டவர். குழாயை 45 பாகை சாய்வில் அசையாமல் பொருத்தும் 6ஜி நிலையில் நடந்த தேர்வு அது. குழாயைத் திருப்ப முடியாது. வெல்டர்தான் அடியிலிருந்து மேல்நோக்கிப் பற்றவைத்தபடி, உடம்பை வளைத்துக் கைக்கோணத்தை மாற்றிக்கொண்டே போக வேண்டும். தொடங்குமுன் அந்த இளைஞர் கேட்ட முதல் கேள்வி, 7018 ராடு, அதாவது பற்றவைக்கும் குச்சி, ஈரம் ஏறாமல் சூடாக வைக்கும் ஓவனிலிருந்து எடுத்ததுதானா என்பது. ஈரம் ஏறிய ராடு மூட்டுக்குள் ஹைட்ரஜனை விட்டு, வேலை முடிந்த பிறகும் விரிசல் விடச் செய்யும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எக்ஸ்ரே படத்தில் அவருடைய மூட்டு சுத்தமாக இருந்தது. மூத்தவருடைய மூட்டிலோ, கேப்பிங் என்னும் மேல் அடுக்கு அழகாக இருந்தும், ரூட் என்னும் அடி அடுக்கு முழுதாக ஊடுருவாமல் கறுப்புக் கோடாகத் தெரிந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பதினெட்டு ஆண்டும் அவருக்குக் கிடைத்தது கேட், கூரைச் சட்டம் என்று வசதியாகத் திருப்பிப் போட்டுப் பற்றவைக்கும் வேலைதான்.

நீங்கள் பின்பற்றும், அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் ஏ.எஸ்.எம்.இ. விதித்தொகுப்பில் வெல்டர் தகுதியைச் சொல்லும் ஒன்பதாம் பிரிவும் ஆண்டுக்கணக்கைக் கேட்பதில்லை. செய்து காட்டிய சோதனைத் துண்டைத்தான் கேட்கிறது. அதில் தேறியவரே ஆனாலும், அந்த வெல்டிங் முறையில் ஆறு மாதம் பற்றவைக்காமல் இருந்துவிட்டால் அவருடைய தகுதி காலாவதியாகிறது. வேலைக்கு எடுக்கும்போது தேர்வு வைக்கிறோமே என்பீர்கள். வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவருக்கு அந்தத் தேர்வு எப்படிக் கிடைக்கும்?

ஆண்டுகளால் பயனே இல்லை என்று சொல்ல வரவில்லை. சூட்டில் தகடு எந்தப் பக்கம் இழுக்கும் என்று முன்கூட்டியே கணித்து, டேக் என்னும் சிறு பிடிப்புப் பற்றுகளைப் போடும் மூத்த கைகளை நான் அறிவேன். அந்த அறிவும் பலவகை வேலை பார்த்தவரிடம்தான் சேர்கிறது.

ஆகவே அந்த வரியை எடுத்துவிட்டு, எந்த வெல்டிங் முறை, எந்த நிலை, எந்தக் குழாய் என்று விளம்பரத்தில் எழுதுங்கள். வருகிறவர் எல்லோருக்கும் ஒரு டெஸ்ட் பீஸ் கொடுங்கள். கூலியையும் அதன் முடிவைக்கொண்டே பேசுங்கள். தேர்வில் தவறிய அந்த மூத்தவர், வேலைக்கு உதவாத மிச்சக் குழாய்த் துண்டுகளில் பழகிக்கொள்ள அந்தப் பட்டறை உரிமையாளரிடம் இரண்டு வாரம் கேட்டிருந்தேன். இன்னும் பதில் வரவில்லை.

இப்படிக்கு,
வெல்டிங் ஆய்வாளர் ஒருவர்