ஐந்து வகுப்பு, ஓர் அறை: பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

பாடத்திட்டக் குழுவினருக்கும், பாடநூல் எழுதுபவர்களுக்கும், ஆசிரியர் பயிற்சியை வகுப்பவர்களுக்கும் வணக்கம்.

நான் தொடக்கப் பள்ளி ஆசிரியை. ஒன்றிலிருந்து ஐந்து வரை எல்லா வகுப்புப் பிள்ளைகளும் என்னுடைய ஒரே அறையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். பிள்ளைகள் குறைவு, ஆசிரியர் ஒருவர். மலைக்கிராமத்திலும் தீவிலும் மட்டும்தான் இப்படி நடக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பிறப்பு விகிதம் குறைந்துகொண்டே போகும் வசதியான நாடுகளிலும் வகுப்புகளைச் சேர்த்து நடத்த வேண்டியிருக்கிறது. பல்வகுப்புக் கற்பித்தல் கொஞ்ச நாளில் தானாக மறைந்துவிடும், அதுவரை சமாளித்துக்கொள்ளட்டும் என்ற எண்ணத்தில்தான் உங்கள் எல்லாத் திட்டமும் இருக்கிறது. அது மறையப்போவதில்லை என்று வைத்துக்கொண்டு எழுதுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நீங்கள் வகுப்புக்கு ஒன்றாகப் புத்தகம் எழுதுகிறீர்கள். தனித்தனியாகப் பார்த்தால் நல்ல புத்தகங்கள்தான். ஆனால் ஒவ்வொன்றும் ஒரே வயதுப் பிள்ளைகள் நிறைந்த ஓர் அறையையும், பாடவேளை முழுக்க அவர்கள் முன்னால் நிற்கும் ஓர் ஆசிரியரையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டிருக்கிறது. ஐந்து புத்தகத்தையும் ஒரே ஆள் ஒரே நேரத்தில் திறந்து வைத்துக்கொள்வார் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. 40 நிமிடப் பாடவேளையை ஐந்தால் வகுத்தால் வகுப்புக்கு 8 நிமிடம். ஒரு நாளில் நான்கு பாடம் என்றால் 20 பாடக்குறிப்பு எழுத வேண்டும். இந்தக் கணக்கை மூன்றாம் வகுப்புப் பிள்ளையே போட்டுவிடும்.

அந்த 8 நிமிடத்தை எப்படியாவது ஓட்டிவிடலாம். மிச்சம் 32 நிமிடம் அந்தப் பிள்ளை என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி. பெரும்பாலும் பார்த்து எழுதுகிறது. கரும்பலகையில் இருப்பதை நோட்டில், புத்தகத்தில் இருப்பதை நோட்டில். எழுதி முடித்த பிள்ளை "முடிச்சிட்டேன் டீச்சர்" என்று நிற்கும். நான் அப்போது நான்காம் வகுப்புக்கு வகுத்தல் சொல்லிக்கொண்டிருப்பேன். "இன்னொரு தடவை எழுது" என்ற பதில்தான் வாயில் வரும். ஓராசிரியர் பள்ளியில் வேலை பார்த்த எவரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். அந்த நேரத்தில் பிள்ளையின் கையில் கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை. புத்தகத்தின் பயிற்சிகளெல்லாம் "ஆசிரியர் உதவியுடன்", "ஆசிரியர் படித்துக் காட்டியபின்", "வகுப்பில் கலந்துரையாடுக" என்றுதான் தொடங்குகின்றன. எந்த ஆசிரியர்? அவர் நான்காம் வகுப்பில் இருக்கிறார்.

வயதுக்கு ஒரு வகுப்பு, வகுப்புக்கு ஓர் அறை, அறைக்கு ஓர் ஆசிரியர் என்ற ஏற்பாடு ஏதோ ஆதிகாலத்திலிருந்து வருவதுபோலப் பேசுகிறோம். அமெரிக்காவில் அதற்கு முன்மாதிரியாகச் சொல்லப்படுவது பாஸ்டனின் குவின்சி பள்ளி. அது 1840களின் கடைசியில் வந்தது. அதற்கு முன்பு பள்ளி என்றாலே பெரும்பாலும் கலந்த வயதினர்தான். நம் திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது எல்லோருக்கும் தெரியும். 1789ல் சென்னை எழும்பூரில் ராணுவத்தினரின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். அதைத் தன் பள்ளியிலும் கொண்டுவந்தார், மூத்த மாணவர்களைக் கொண்டே இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். 1797ல் அவர் அதைப் பற்றி எழுதி வெளியிட்டபின், மெட்ராஸ் முறை என்ற பெயரிலேயே அது இங்கிலாந்தில் பரவியது. அந்த முறை நல்லதா கெட்டதா என்பது வேறு கதை. மலிவு என்பதற்காகவே பல இடங்களில் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. மாண்டிசோரி முறையில் மூன்று வயது இடைவெளிப் பிள்ளைகள் ஒரே அறையில் இருப்பது கொள்கை. 3 முதல் 6 வரை ஓர் அறை, 6 முதல் 9 வரை ஓர் அறை. பெற்றோர் தேடிப்போய்ச் சேர்க்கிறார்கள். அதே கலந்த அறை ஆள் பற்றாக்குறையால் உருவானால் பரிதாபப்படுகிறோம். அறை ஒன்றுதான். அங்கே அந்த அறைக்கென்றே பயிற்சி பெற்ற ஆசிரியரும் பொருள்களும் இருக்கிறார்கள், இங்கே வேறு யாருக்கோ எழுதிய ஐந்து புத்தகம் இருக்கிறது.

சரி, என்ன வேண்டும் என்கிறேன்?

முதலில், ஐந்து வகுப்பின் பாடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'நீர்' மூன்றாம் வகுப்பில் முதல் பருவத்தில் வருகிறது, நான்காம் வகுப்பில் கடைசிப் பருவத்தில் வருகிறது என்றால் அதனால் யாருக்கு என்ன லாபம்? இரண்டையும் ஒரே வாரத்தில் வைத்தால் எனக்கு ஒரு பாடம் மிச்சம். 'அளவிடுதல்' என்று எடுத்துக்கொள்வோம். ஒன்றாம் வகுப்பு எது நீளம், எது குட்டை என்று ஒப்பிட்டுப் பார்க்கும். இரண்டாம் வகுப்பு சாணாலும் அடியாலும் அளக்கும். மூன்றாம் வகுப்பு அளவுகோல் பிடிக்கும். நான்காம் வகுப்பு அறையின் சுற்றளவைக் கண்டுபிடிக்கும். ஐந்தாம் வகுப்பு அதே அறையைக் கட்டம் போட்ட தாளில் வரைந்து பரப்பளவு சொல்லும். தொடக்கத்தில் எல்லோருக்கும் சேர்த்து ஒரு பேச்சு, பிறகு அவரவர் வேலை, கடைசியில் யார் என்ன கண்டார்கள் என்று சேர்ந்து ஒரு பேச்சு. ஒரே கயிறும் ஒரே சுவரும் ஐந்து வகுப்புக்கும் போதும். இரண்டாம் வகுப்பின் சாண் அளவு ஏன் ஆளுக்கு ஆள் மாறுகிறது என்று ஐந்தாம் வகுப்பு விளக்கிச் சொல்லும்போது, எந்தத் தனிவகுப்பிலும் நடக்காத ஒன்று நடக்கிறது.

மொழியிலும் சூழ்நிலையியலிலும் இப்படி இணைப்பது எளிது. ஒரே கதையைச் சொல்லி ஒருவரை வரையச் சொல்லலாம், ஒருவரை முடிவை மாற்றி எழுதச் சொல்லலாம். கணக்குதான் முரண்டு பிடிக்கும். இடமதிப்பு தெரியாமல் கடன் வாங்கிக் கழித்தல் வராது, பெருக்கல் வாய்ப்பாடு கைவராமல் வகுத்தல் வராது. படி தாண்ட முடியாது. எல்லாப் பாடத்தையும் ஒரே கருப்பொருளுக்குள் அடக்கிவிடலாம் என்று பயிற்சிகளில் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான் வரும். அளவிடுதல், வடிவியல், தகவல் கையாளுதல் போன்றவற்றை இணையுங்கள். எண்களையும் நான்கு செயல்களையும் பிள்ளை தன் வேகத்தில் ஏறும் படிகளாக விட்டுவிடுங்கள். அதற்கு விடையைத் தானே சரிபார்க்கும் அட்டைகள் வேண்டும். விடை அட்டையின் பின்பக்கத்தில் இருக்கட்டும். பிள்ளை விடையைப் பார்த்து எழுதிவிடும் என்று பயப்படாதீர்கள். இப்போதும் அது பார்த்துத்தானே எழுதுகிறது.

இதெல்லாம் நான் கண்டுபிடித்தது இல்லை. கொலம்பியாவில் 1970களின் நடுவில் விக்கி கோல்பெர்ட்டும் அவரோடு சேர்ந்தவர்களும் 'எஸ்குவேலா நுவேவா' என்ற முறையைத் தொடங்கினார்கள். கிராமத்துப் பல்வகுப்புப் பள்ளிகளுக்காகவே உருவானது அது. பிள்ளைகள் தாங்களே படித்துச் செய்யும் வழிகாட்டி ஏடுகள், வருடத்தின் நடுவிலும் அடுத்த வகுப்புக்குப் போகும் ஏற்பாடு, அக்கம்பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடிப் பேசும் வட்டங்கள் என்று எல்லாமே அந்த அறையை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. 1980களில் அது அந்நாட்டின் கல்விக் கொள்கையாகவே ஆகி, ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குப் போனது. ஆந்திராவின் ரிஷி வேலியில் உருவான 'பெட்டிக்குள் பள்ளி'யும் இதே வழிதான். அங்கே பாடம் அட்டைகளாகவும் ஏணிப்படிகளாகவும் பிரிந்தது. தமிழ்நாட்டின் செயல்வழிக் கற்றல் அதிலிருந்து வந்தது. 2003ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பிறகு மாநிலம் முழுக்கப் போனது. ஆக, எழுத முடியாது என்று சொல்ல வழியில்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை. அட்டை எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஒன்றாம் வகுப்புக்கு அது பாதிதான் உதவும். படிக்கத் தெரியாத பிள்ளைக்குப் படித்துச் செய்யும் வேலையைக் கொடுக்க முடியாது. அந்தப் பிள்ளைக்கு ஆள் வேண்டும், குரல் வேண்டும். ஜப்பானில் இதைச் சட்டத்திலேயே புரிந்து வைத்திருக்கிறார்கள். அங்கே தொடக்கப் பள்ளியில் அடுத்தடுத்த இரண்டு வகுப்புகளிலும் சேர்த்து 16 பிள்ளைகள் வரை இருந்தால் ஒரே வகுப்பாக நடத்தலாம் என்பது அடிப்படை அளவு. அதில் ஒன்றாம் வகுப்பு இருந்தால் 8 தான். பாதியாகிவிடுகிறது! உங்கள் ஆசிரியர்–மாணவர் விகிதக் கணக்கில் இப்படி ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

அவர்களிடமிருந்து இன்னொன்றையும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டு வகுப்பின் பாடவேளையையும் ஒரே நேரத்தில் ஒரே கட்டத்தில் வைக்காமல், வேண்டுமென்றே முன்பின்னாகத் தள்ளி வைக்கிறார்கள். ஒரு வகுப்புக்குப் புதியதை அறிமுகப்படுத்தும்போது மற்றது பயிற்சியில் இருக்கும். பிறகு ஆசிரியர் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போவார். அவர் இல்லாதபோது அந்தக் குழுவை ஒரு மாணவரே நடத்துவார், அதற்கு அவருக்கு முன்கூட்டியே பழக்கம் கொடுத்திருப்பார்கள். சத்தம் போடும் வேலையையும் சத்தமில்லாத வேலையையும் ஜோடி சேர்ப்பதும் இதோடு சேர்ந்ததுதான். இரண்டு குழு ஒரே நேரத்தில் வாய்விட்டு வாசித்தால் எந்தக் குழுவுக்கும் எதுவும் கேட்காது. ஆசிரியர் பயிற்சியில் இதையெல்லாம் யாராவது சொல்லித்தருகிறார்களா? பயிற்சிக் காலத்தில் கற்பித்தல் பழக அனுப்பும் பள்ளிகளில் ஒன்றாவது பல்வகுப்பு அறையாக இருக்கட்டும். ஒரு மணிநேரக் கருத்தரங்கு போதாது.

மூத்த பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைக்கும் பாடம் தெளிவாகிறது, உண்மைதான். ஆனால் ஐந்தாம் வகுப்பில் பொறுப்பாக இருக்கும் ஒரு பெண்பிள்ளையைத் தேடிப் பிடித்து, வருடம் முழுக்க ஒன்றாம் வகுப்பைப் பார்த்துக்கொள்ள விட்டால் அதற்குப் பெயர் கற்றல் இல்லை. யார், எவ்வளவு நேரம், எதற்காக என்று உங்கள் கையேட்டில் ஒரு வரம்பு எழுதுங்கள்.

"ஆய்வு என்ன சொல்கிறது?" என்று கேட்பீர்கள். நெதர்லாந்தின் சைமன் வீன்மன் 1995ல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, பல்வகுப்பில் படிப்பவர்களுக்கும் ஒற்றை வகுப்பில் படிப்பவர்களுக்கும் தேர்ச்சியில் பெரிய வித்தியாசம் இல்லை என்றார். அடுத்த வருடமே மேசனும் பர்ன்ஸும் அதை மறுத்தார்கள். பல பள்ளிகளில் கலந்த வகுப்புக்கு நல்ல ஆசிரியரையும் தனியாக வேலை செய்யத் தெரிந்த பிள்ளைகளையும் பொறுக்கிப் போடுகிறார்கள், அதனால்தான் வித்தியாசம் தெரியவில்லை, பொறுக்காமல் விட்டால் சிறிது பின்னடைவு இருக்கும் என்பது அவர்கள் வாதம். எனக்கு இரண்டாவதுதான் நம்பும்படி இருக்கிறது. என் அறைக்கு யாரும் பிள்ளைகளைப் பொறுக்கி அனுப்புவதில்லை, என்னையும் யாரும் பொறுக்கி அனுப்பவில்லை. அதனால்தான் பொருளும் பயிற்சியும் கேட்கிறேன்.

பாட வரிசையை மாற்றிக்கொள்ளும் உரிமையும் வேண்டும். இரண்டு அடுத்தடுத்த வகுப்புகள் ஒரே அறையில் இருந்தால், ஒரு வருடம் மூன்றாம் வகுப்பின் சூழ்நிலையியலை இருவரும் படிக்கலாம், அடுத்த வருடம் நான்காம் வகுப்பினுடையதை இருவரும் படிக்கலாம். இங்கிலாந்தின் சின்னப் பள்ளிகளில் இது சாதாரணமாக நடக்கிறது. நடுவில் வேறு பள்ளிக்கு மாறும் பிள்ளைக்கு ஒரு தலைப்பு இரண்டு முறை வரலாம், ஒன்று விட்டுப்போகலாம். அதைச் சரிசெய்ய வழி உண்டு. ஆனால் எல்லாப் பள்ளிக்கும் ஒரே நாளில் ஒரே வினாத்தாள் வந்தால் இதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. மேற்பார்வைக்கு வருபவர் வகுப்புக்கு ஒன்றாகக் குறிப்பேடு கேட்டாலும் அதே கதிதான். வாரத்துக்கு ஒரே திட்டம், அதில் ஐந்து பத்தி. அதை ஏற்றுக்கொள்ளும்படி ஒரு சுற்றறிக்கை போதும், செலவே இல்லை.

அடுத்த முறை பாடநூல் திருத்தம் தொடங்கும்போது, ஐந்து வகுப்புக்கான எழுத்தாளர் குழுக்களையும் முதல் வாரம் மட்டுமாவது ஒரே அறையில் உட்கார வையுங்கள். சூழ்நிலையியலில் தொடங்குங்கள், அதுதான் சீக்கிரம் இணையும். கணக்கைக் கடைசியாக எடுங்கள், அதற்கு நேரம் பிடிக்கும். அட்டைகளின் முதல் வரைவை அச்சுக்கு அனுப்பும் முன் எங்களைப் போன்ற பள்ளிகளுக்கு அனுப்புங்கள். எந்த அட்டையைப் பிடித்துக்கொண்டு பிள்ளை எழுந்து ஆசிரியரிடம் வருகிறது என்று குறித்து அனுப்புகிறோம். அந்த அட்டைகளைத்தான் திரும்ப எழுத வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
ஐந்து வகுப்பு ஆசிரியை