பேலட் முத்திரை விஷயமாக

அன்பு மாப்ளே,

கடிதம் கிடைத்தது. சேதராப்பட்டில் பெரிய கொட்டகை எடுத்துவிட்டாய், பாப்பாவுக்கும் சீட் கிடைத்துவிட்டது என்று படித்ததும் அம்மாவிடம்தான் முதலில் சொன்னேன். கடலூரில் எல்லோரும் சௌக்கியம்.

ஆனால் கடைசிப் பத்தியில், வெளிநாட்டுக்குப் போகிற சரக்கை அடுக்கும் மரத்தட்டு, அதுதான் பேலட், அதற்கான மரத்தைச் சேம்பரில், அதாவது சூடேற்றும் அறையில், சுட வைத்து எடுக்க கட்டுப்படியாகவில்லை, முத்திரையை மட்டும் அடித்துக் கொடுக்க ஓர் ஆள் இருக்கிறார் என்று எழுதியிருந்தாயே, ரெண்டு நாளாக அதே நினைப்புதான்.

வேண்டாம்டா. பேலட்டில் அடிக்கிற அந்தக் கோதுமைக்கதிர் முத்திரை வெறும் மை இல்லை, மரத்துக்குள் இருக்கிற பூச்சி சாகும்படி பக்குவம் செய்தாயிற்று என்பதற்கு அத்தாட்சி. மரத்தின் நடுப்பகுதி வரைக்கும் 56 டிகிரி சூடு ஏறி 30 நிமிஷம் விடாமல் நிற்க வேண்டும் என்று 2002-இல் பல நாடுகள் சேர்ந்து வைத்த விதி அது. ஏன் நடுப்பகுதி என்றால் புழு இருப்பது அங்கேதான், மேலே பார்த்தால் பலகை சுத்தமாக இருக்கும். சீனாவிலிருந்து போன பேக்கிங் மரத்தில் அப்படித்தான் நீளக்கொம்பு வண்டு அமெரிக்காவுக்குப் போயிருக்கிறது. 1996-இல் நியூயார்க்கில் கண்டுபிடித்தார்கள், தெருவில் நின்ற மரங்களை ஆயிரக்கணக்கில் வெட்டித் தூளாக்கியும் இன்னும் முழுசாக ஒழியவில்லை. டெட்ராய்ட் பக்கம் 2002-இல் தெரிந்த பச்சை வண்டு இதைவிட மோசம், கோடிக்கணக்கான ஆஷ் மரங்கள் போய்விட்டன. அதுவும் பேக்கிங் மரத்தில்தான் வந்திருக்கும் என்கிறார்கள்.

அது அவர்கள் ஊர் மரம்தானே என்று நினைப்பாய். என் தென்னைகளை வந்து பார். மத்திய அமெரிக்கப் பக்கத்துச் சுருள் வெள்ளை ஈ, 2016-இல் பொள்ளாச்சியில் தெரிந்தது, இப்போது அப்பா வைத்த மரங்களில் உட்கார்ந்திருக்கிறது. ஓலையைத் திருப்பினால் யாரோ விரலால் மாவுக்கோலம் இழைத்த மாதிரி வெள்ளைச் சுருள், அதன் கீழே இருக்கிற ஓலையின் மேல்பக்கம் முழுக்க அடுப்புக்கரி பூசினது போலக் கரும்பூசணம், தொட்டால் பிசுபிசு என்று கையில் ஒட்டுகிறது. அடிப்பக்கத்தைப் பார்க்காமல் ஒரு வியாபாரியிடம் பத்து கன்று வாங்கி நட்டேன், அதோடுதான் வந்தது என்று நினைக்கிறேன். மருந்து அடிக்கவும் யோசனை, அந்த ஈயைத் தின்கிற சின்னக் குளவியும் செத்துப்போகும். அதனால் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கிறேன், லிட்டருக்கு 25 கிராம் மைதாவைக் கரைத்துத் தெளித்தால் கரி காய்ந்து உதிர்கிறது. பாதி நாள் இதற்கே போகிறது.

தானே புயலில் பண்ருட்டிப் பக்கம் விழுந்த பலாவையும் முந்திரியையும் நீயும் நானும் சைக்கிளில் போய்ப் பார்த்தோமே, மறந்திருக்க மாட்டாய். அது ஒரே ராத்திரியில் வந்து போனது. பூச்சி அப்படிப் போகாது.

சொந்தமாகச் சேம்பர் வேண்டாம் என்றால் விடு. அங்கீகாரம் வாங்கின இடத்தில் கூலி கொடுத்துச் சுட வைத்து, அவர்கள் முத்திரையோடே வாங்கிக்கொள்ளலாம். பட்டை ஒட்டின பலகையை லோடு இறக்கும்போதே திருப்பி அனுப்பு. துளையும், அதிலிருந்து கொட்டுகிற மாவும் தெரிகிற பழைய பேலட்டை விறகுக்கென்று வெளியூர்க்காரனுக்கு விற்காதே, அங்கேயே எரித்துவிடு. போன இடத்தில் ஒரு உயிருள்ள புழு அகப்பட்டால் சரக்கையே திருப்பிவிடுவார்கள், அப்போது பார்ட்டி உன்னைத்தான் கேட்பான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். கரண்டு பில்லை எடுத்து வை, கணக்குப் போட்டுப் பார்ப்போம். அதுவரைக்கும் அந்த முத்திரை ஆளுக்கு முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதே.

உன் மச்சான்